தொட்டிக்கு அடியில் ஒரு குழாய்

கூடுவாஞ்சேரியில் எங்கள் தெரு வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே போர்வெல், ஒரே தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு அடியில் உள்ள குழாயில்தான், இட்லி மாவு அரைத்து விற்கும் செல்வி அக்கா தண்ணீர் பிடிப்பார். இந்த வருடம் தொட்டியைப் பராமரிக்கும் பொறுப்பு என் தலையில்.

போன மாதம் தொட்டியைக் கழுவி நிரப்பி, பிளீச்சிங் பவுடர் கலந்தோம். "நாளை காலை வரை தண்ணீர் எடுக்க வேண்டாம்" என்று தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் கட்டைவிரலைக் காட்டினார்கள். நிம்மதியாகப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விட்டேன்.

சாயங்காலம் திரும்பினால், செல்வி அக்கா மூச்சிரைக்க வாசலில் நிற்கிறார்.

"டீச்சர், ஊறப்போட்ட அரிசில குப்புனு மருந்து வாடை அடிக்குது. தண்ணில இன்னா கலந்தீங்க?"

சொன்னேன். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அரிசி, உளுந்து எல்லாத்தயும் கொட்டிட்டேன். அது போவட்டும். உங்க வூட்டுப் பாப்பா அந்தத் தண்ணியக் குடிக்கலயே?"

குடிக்கவில்லை. என் மகளுக்குத்தான் முன்பே சொல்லிவிட்டேனே! குழுவில் இருப்பது வீட்டுக்காரர்கள் மட்டும். அந்தத் தண்ணீரை வைத்தே பிழைக்கும் செல்வி அக்காவைச் சேர்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டிலிருந்த அரிசியையும் உளுந்தையும் கொடுத்தேன். ஆனாலும் ஒரு நாள் வியாபாரம் போனது போனதுதான்.

இப்போதெல்லாம் தொட்டியில் கை வைக்கும் முன் அவர் வீட்டுக்கு நடந்துபோய்ச் சொல்கிறேன். தன் அண்டாக்களை நிரப்பிவிட்டு அவர் "ஆச்சு டீச்சர்" என்ற பிறகுதான் குழுவுக்கே செய்தி போகிறது.