தண்ணீர்க் குழியில் எரிந்த கோடு

தண்ணீருக்கு மட்டும் கோடு விழக் கூடாது. தாட்சாயணிக்கு விழுந்தது.

சத்தியவேட்டு விவசாய வீட்டுப் பெண். திருப்பதிப் பல்கலைக்கழகத்தில் செடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஊரில் கன்னிமார் கற்களைச் சுற்றி மட்டும் படரும் கொடி, இன்னும் யாரும் பெயர் வைக்காத இனம் என்று நம்பினாள். இதழின் உள்ளே ரோமம், மகரந்தப் பையில் வால். அதற்கு நெருங்கிய உறவான பங்காளிச் செடிக்கு இரண்டும் கிடையாது. உருவம் மட்டும் போதாதே, டி.என்.ஏ.வும் சாட்சி சொல்ல வேண்டும். கற்கள் இருக்கும் நிலமோ ஒரு கம்பெனிக்குப் போய்விட்டது. புது இனம் என்று நிரூபித்தால் கற்களைச் சுற்றியாவது விட்டுவைக்கிறோம் என்றார்கள் கம்பெனிக்காரர்கள்.

டி.என்.ஏ. இருந்தால் ஒளிக்கோடு எரியும் ஜெல் பலகையில், ஏழு கொடிகளின் டி.என்.ஏ. ஏழு குழிகளில். எட்டாவதில் வெறும் தண்ணீர். அது இருட்டாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் சோதனையே செல்லாது. எட்டாவதிலும் அதே கோடுகள் எரிந்தன. தண்ணீரை மாற்றினாள், கையுறையை மாற்றினாள். மறுபடியும் எரிந்தன.

"என்னாம்மா, தண்ணியில கொடி படருதா?" என்று பேராசிரியர் கேலி செய்தார்.

ஊருக்குப் போன் போட்டு அழுதாள். அம்மா செல்லியம்மா கேட்டது ஒன்றுதான்.

"கன்னிமார் எடத்துல புடுங்கிக்கினு போனியே, பதிலுக்கு என்னா வெச்ச?"

"ம்மா, நான் படிக்கிறது சயின்ஸு."

"உன் சயின்ஸுதான் தண்ணியில நிக்குதே! அங்க எத எடுத்தாலும் உன்னுது ஒன்னு வெச்சிட்டு வரணும். நீ வெக்கல. அவளுங்க பின்னாலயே வந்துக்கினு கீறாளுங்க."

கன்னிமார் கற்களுக்குப் போனாள். வரப்பில் மண்வாரி இயந்திரம் வந்து நின்றிருந்தது. காற்றே இல்லை, கொடி நுனிகள் மட்டும் அவள் பக்கம் திரும்பின. கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, தண்டில் சுற்றி, தன் வழக்கமான இரட்டை முடிச்சைப் போட்டாள்.

அடுத்த சோதனையில் தண்ணீர்க் குழி இருண்டு கிடந்தது. டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது ஏழு கொடிகளும் பங்காளிச் செடியிலிருந்து விலகி நின்றன. புது இனம்தான். கற்களைச் சுற்றி வேலி போட்டார்கள்.

படம் எடுக்க, முதன்முதலில் பறித்து உலர்த்தித் தாளில் தைத்துப் பூட்டிவைத்த கொடியை எடுத்தாள். காய்ந்த தண்டில் நீளமாய் ஒரு கருமுடி சுற்றியிருந்தது. இரட்டை முடிச்சு.

திருப்பதியிலேயே குடியிருந்தும் தாட்சாயணி மட்டும் மலையில் முடி கொடுப்பதில்லை. கேட்டால், "ஒரு எடத்துல குடுத்தாச்சு" என்பாள்.