தொங்கிய ஏலரான்: பீளமேட்டிலிருந்து கரிப்பூருக்கு ஒரு ஜன்னல் சீட்

கணினியில் விமானம் ஓட்டும் பைத்தியம் பிடித்தவர்கள் சிலர் இந்த வலைப்பூவுக்கும் வருகிறார்கள். ஜெட்டின் இறக்கை அசைவதை நேரில் பார்க்க வேண்டும், எந்த சீட் கேட்பது என்று எழுதிக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் 1999 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரத்தில் நான் போய்வந்த ஒரே ஒரு நாள் பயணத்தில் தெரிந்துகொண்டதுதான். கட்டணங்கள் அன்றைய டைரியில் உள்ளபடி தருகிறேன். இன்று அந்தக் காசுக்கு விமான நிலையத்தில் காபி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

எதற்குப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடம் போடும் வேலை எனக்கு. மாலையில் சிங்காநல்லூரில் ஒரு கணினி மையத்தில் வரைகலை வகுப்பு எடுப்பேன். அங்கே படிக்க வந்தவர் ஸ்டீபன் அண்ணா. போத்தனூரில் ரயில்வே சிக்னல் பழுதுபார்க்கும் மெக்கானிக், வயது நாற்பத்து மூன்று. எதற்குப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒரு ஜெட்டு விமானம் செய்யோணுமுங்க அம்மணி" என்றார். கம்ப்யூட்டருக்குள்தான் என்பது புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது.

பதினோரு மாதம், மாலை மாலையாக, இருவரும் அந்த விமானத்தைச் செய்தோம். அசையும் பாகங்கள் எல்லாம் உண்மையில் அசைகிறபடியே அசைய வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஏலரான் என்பது இறக்கையின் பின் விளிம்பில், நுனிப்பக்கம் இருக்கும் பலகை. விமானம் சாயும்போது ஒரு பக்கம் மேலேறும், மறுபக்கம் கீழிறங்கும். அது சும்மா இருக்கும்போது எந்தக் கோணத்தில் இருக்கும் என்பதை அவர் கோவை விமான நிலையத்துக்கே போய் அளந்தார். வழியனுப்ப வருபவர்கள் நிற்கும் இடத்தில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, அட்டையில் வெட்டிய கோணமானி, நூல், ஒரு நட்டு இவற்றை வைத்து. ஆறு ஞாயிற்றுக்கிழமை போனார். காவலர் அவரைக் கிறுக்கன் என்று முடிவுகட்டி ஸ்டூல் கொடுத்து உட்கார வைத்தாராம்.

ஆறு முறையும் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு நாள் எட்டு டிகிரி, ஒரு நாள் பதினைந்து, இன்னொரு நாள் பதின்மூன்று. நான் சராசரி எடுத்துப் பன்னிரண்டு என்று வரைந்தேன். அந்தச் சராசரி என் கைவேலை.

விமானத்தை இணையத்தில் ஏற்றினோம். பத்து நாளில் வெளிநாட்டில் ஒருவர், ஜெட் பராமரிப்பில் வேலை செய்கிறவராம், எழுதினார்: ஏலரான் ஈரத்துணி மாதிரி தொங்குகிறது, சாயாமல் நேராகப் பறக்கும்போது அது இறக்கையோடு சமமாக இருக்க வேண்டும், இந்த விமானத்தைச் செய்தவர் ஜெட்டைப் பார்த்ததே இல்லை. ஸ்டீபன் அண்ணாவுக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. தன் பெயரைப் போட்டுப் பதில் எழுதினார்: ஆறு முறை நேரில் அளந்தது, தப்பென்று தெரிந்தால் விமானத்தை நானே எடுத்துவிடுகிறேன்.

"கண்ணால் கண்டதும் பொய்னு சொல்லுவாங்களே அண்ணா, எதுக்கும் பறக்கும்போது ஒருக்கா பாத்துப்போடலாமுங்களா?" என்றேன். அவர் வர மறுத்தார். "எது எப்படி அறுந்துபோகும்னு தெரிஞ்சவனுக்குத்தானுங்க பயம். நீங்க பாத்துட்டு வாங்க. நீங்க சொல்றதுதான் முடிவு."

டிக்கெட் என் பொங்கல் போனஸில் எடுத்தது, 1,140 ரூபாய். காலை 7.40க்கு வீட்டிலிருந்து ஆட்டோ, மூன்று கிலோமீட்டர், 25 ரூபாய். கவுண்டரில் இறக்கைக்குப் பின்னால் ஜன்னல் சீட் வேண்டும் என்றதும் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். "அங்க இறக்கைதானுங்க தெரியும், வெளிய ஒண்ணும் தெரியாதுங்க." அதற்குத்தான் வருகிறேன் என்றேன். 22ஏ கொடுத்தார்.

விமானம் சென்னையிலிருந்து வந்து கோவையில் நின்று, கோழிக்கோட்டு விமான நிலையமான கரிப்பூருக்குப் போவது. தரையில் நடந்துபோய்த்தான் ஏற வேண்டும். படிக்கட்டை நெருங்கும்போது பார்த்தேன், ஏலரான் தொங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக்காரரே, யார் ஜெட்டைப் பார்க்காதவர்? அந்த இடத்திலேயே சிரித்துவிட்டேன்.

பக்கத்து சீட்டில் பவானிக்காரர் ஒருவர். கோழிக்கோட்டில் இரண்டு கடைகளுக்கு ஜமக்காளம் போடுகிறவர், முதல் விமானப் பயணம். ஸ்டீபன் அண்ணா கொடுத்தனுப்பிய அட்டைக் கோணமானியை நான் கண்ணுக்கு நேரே பிடித்து இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தது அவரை என்னவோ செய்திருக்கிறது.

"ஏனுங் அம்மணி, அதுல ஏதாச்சும் கோளாறுங்களா?"

"இல்லீங்க, சும்மா அளக்கறேனுங்க."

"சும்மா எதுக்குங்க அளக்கறது?" என்று பெல்ட்டை இன்னும் ஒரு இழு இழுத்தார்.

9.50க்கு எஞ்சின் உறுமத் தொடங்கியது. நான் டைரியில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். அவர்தான் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "எந்திரிக்குதுங்க!" என்றார். நிமிர்ந்தேன். தொங்கிக்கொண்டிருந்த பலகை எழுந்து, இறக்கையோடு ஒட்டி, ஒரு கோடாக நின்றது. கோணமானியில் பூஜ்யம். நன்றாகக் கழுவித் துடைத்த பூஜ்யம்.

பம்ப்பும் அழுத்தமும் பழகிய எனக்கு உடனே புரிந்தது, அதை அசைப்பது எண்ணெய் அழுத்தம். எஞ்சின் ஓடினால் அழுத்தம் இருக்கும், பலகை தன் இடத்தில் நிற்கும். எஞ்சினை நிறுத்தினால் அழுத்தம் வடிய வடியப் பலகை தானாகச் சரியும். ஒருநாள் எட்டு, ஒருநாள் பதினைந்து வந்ததற்கு இதுதான் காரணம். வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் அளந்திருந்தால் எட்டு, காத்திருந்து அளந்திருந்தால் பதினைந்து. பம்ப் கம்பெனியில் ஒரு பாகம் ஆறு முறை ஆறு அளவு காட்டினால் அது ஏன் என்று விசாரிக்காமல் சராசரி எடுத்திருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அவமானமாக இருந்தது.

ஸ்டீபன் அண்ணாவின் தவறும் அப்போதுதான் விளங்கியது. ரயில்வேயில் கைகாட்டி சிக்னலுக்குக் கம்பி இழுத்தால்தான் கை இறங்கும். கம்பி அறுந்துபோனாலும் எடை தூக்கி, கை கிடையாக வந்து 'நில்' என்று சொல்லும். சும்மா இருக்கும் நிலை அங்கே ஒருவர் யோசித்து வைத்த நிலை, உயிர்காக்கும் நிலை. இருபது வருடம் அதிலேயே வாழ்ந்தவர் ஜெட்டும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார்.

ஓடுபாதைக்குப் போகும் வழியில் ஃபிளாப், அதாவது ஏலரானுக்கு உள்பக்கம் இருக்கும் பெரிய பலகை, இறங்கியது. அந்த 'ஙொய்ய்' சத்தத்தில் பவானிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார், பிறகு மன்னிப்புக் கேட்டார். ஃபிளாப் இறங்கியதோடு ஏலரானும் கொஞ்சம் இறங்கியது. ஐந்து டிகிரி இருக்கும். அதையும் டைரியில் குறித்தேன். மேலே போனதும் ஃபிளாப் உள்ளே போயிற்று, ஏலரானும் சமமாயிற்று. நாங்கள் கணினியில் ஏலரானைக் கதவு மாதிரி ஆட வைத்திருந்தோம். இங்கே பாலக்காட்டுக் கணவாய்க்கு மேலே விமானம் நன்றாகவே சாய்ந்து திரும்பியபோதும் அது விரலளவுதான் அசைந்தது.

முப்பத்தைந்து நிமிடத்தில் கரிப்பூர். சக்கரம் தரையைத் தொட்டதும் இறக்கையின் முதுகில் பலகைகள் படபடவென்று எழுந்து நின்றன. விமானம் நின்றதும் எல்லோரோடும் நானும் எழுந்து வழியில் நின்றுவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்கிறேன்.

கோழிக்கோடு ரயில் நிலையத்துக்கு 28 கிலோமீட்டர், டாக்ஸி 250 ரூபாய், ஐம்பது நிமிடம். மங்களூரிலிருந்து வரும் ரயில் 1.35க்கு. போத்தனூர் ஏறக்குறைய 180 கிலோமீட்டர், இரண்டாம் வகுப்பு 48 ரூபாய். ஷொரனூரில் பழம்பொரி, நம் ஊர் வாழைப்பழ பஜ்ஜிதான், நன்றாக இருந்தது, ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏனென்றால் ஒரு வாக்கியம் என்னைத் தொல்லை செய்துகொண்டிருந்தது. 'ஓடும் எஞ்சினோடு, புறப்படும்போது, ஏலரான் தொங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.' ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த வெளிநாட்டுக்காரர் சாயாவிட்டால் சமம் என்றுதானே எழுதினார்? இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் பதினோரு மாத உழைப்பும் பிழைக்கும், அவர் பெயரும் பிழைக்கும். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? வாளையாறு தாண்டும்வரை அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

போத்தனூரில் 6.10க்கு இறங்கினேன். ஸ்டீபன் அண்ணா வேலை உடுப்போடு நின்றிருந்தார். என் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். நான் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்த விதத்தை என்னால் எழுத முடியாது. "பாத்தீங்களா, நாந்தான் சொன்னேனுங்களே!" என்று இரண்டு டீ சொன்னார். பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்து, தேதி போட்டு, 'பறக்கும்போது நேரில் பார்த்தது' என்று எழுதி, பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "எத்தன டிகிரிங்க அம்மணி?"

பேனா காத்திருந்தது. "அண்ணா, அது அஞ்சுதானுங்க. ஃபிளாப் போட்டா மட்டுமுங்க. மத்தபடி பூஜ்யம். நம்ம அளந்ததெல்லாம் எஞ்சின் நின்ன விமானமுங்க. நானும் சராசரி போட்டு மறைச்சுப்போட்டேன்."

எழுதிய வரியை அவர் ஒரே கோட்டில் அடித்தார். டீயை முழுவதும் குடித்தார். எதிரே கைகாட்டி கிடையாக நின்றது, அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், அல்லது அழுவார் என்று.

"அப்ப எஞ்சின நிறுத்துனப்பறம், தொங்கி முடிக்க எத்தன நிமிசமாச்சுங்க?"

நான் பார்க்கவில்லை. எல்லோரோடும் எழுந்து நின்றுவிட்டேன் என்றேன். அவருக்கு அப்போதுதான் உண்மையிலேயே வருத்தம் வந்தது. "அத்தன தூரம் போயி, அதப் பாக்காம வந்துபோட்டீங்களே!"

அன்றைக்கே சிங்காநல்லூர் போய் அந்த விமானத்தை இணையத்திலிருந்து எடுத்தார். அந்த வெளிநாட்டுக்காரருக்கு எழுதிய பதில் இவ்வளவுதான்: 'நீங்கள் சொன்னது சரி. நாங்கள் அளந்தது நின்றிருந்த விமானம். ஸ்டீபன், போத்தனூர்.' என் பெயரையும் போடுங்கள் என்றேன். போடவில்லை.

இனி போகிறவர்களுக்கு. இறக்கைக்குப் பின்னால், இறக்கையைவிட நான்கைந்து வரிசை தள்ளி ஜன்னல் சீட் கேளுங்கள், முடிந்தால் வெயில் படாத பக்கம். எஞ்சின் போடும்போது டைரி எழுதாதீர்கள். செகண்டு முள் உள்ள கடிகாரம் வேண்டும். ஒரே மாதிரி வரும் அளவைவிட மாறி மாறி வரும் அளவை அதிகம் மதியுங்கள். போய்ச் சேர்ந்ததும் எழ அவசரப்பட வேண்டாம், கடைசி ஆளாக இறங்குங்கள், எஞ்சின் நின்ற இறக்கையைப் பாருங்கள்.

கடைசியில் உள்ளது என் அனுபவம் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஸ்டீபன் அண்ணா அதே விமானத்தில், அதே 22ஏவில், கரிப்பூர் போனார். இந்த முறை போத்தனூர் பிளாட்பாரத்தில் நான் காத்திருந்தேன். பயமாக இருந்ததா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் படியிலிருந்து இறங்குவதற்கு முன்பே நோட்டைத் திறந்துவிட்டார்.

"பதினோரு நிமிசமுங்க அம்மணி. அதுக்குமேல உட்கார உடல, எறக்கிப்போட்டாங்க. அப்பவும் நிக்காம, இன்னும் சரிஞ்சுட்டேதானுங்க இருந்துச்சு."