வலது கால் தையல்

டிவியில் எல்லைச் சண்டை என்று யாராவது தொண்டை கிழியக் கத்தும்போதெல்லாம் என் இடது சுட்டுவிரலைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். அங்கே ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. என் தேசபக்திக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வடக்கே மலைமேல் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆம்பூரில் எங்கள் தெருவிலேயே பெரிய தேசபக்தை நான்தான். அப்பாவின் சைக்கிளில் காகிதக் கொடி ஒட்டியிருந்தேன். மற்ற பிள்ளைகள் எதிரியைத் தேடி எல்லைக்குப் போக வேண்டும். எனக்கு அந்தச் சிரமமில்லை. எதிரி நாலு வீடு தள்ளியே இருந்தார்.

அவர் கராச்சியில் பிறந்த பெண். உறவுக் கல்யாணத்துக்கு அங்கே போயிருந்த மாமன் மகனை, இங்கே தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவரை, பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்து எத்தனையோ வருடமாகியும் காகிதத்தில் வெளிநாட்டுக்காரர்தான். சண்டை தொடங்கியதும், திங்கட்கிழமைதோறும் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டார்கள். தெருவில் எல்லாரும் அவரைச் சாச்சி என்போம், உருதுவில் சித்தி.

எங்கள் தெருப் பெண்கள் ஷூ கம்பெனிக்காக வீட்டிலேயே மேல்தோல் தைப்பார்கள். ஏஜென்ட் மூட்டையில் கொண்டுவந்து போடுவார். கையால் தைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு ஜோடியை ஒரே ஆள்தான் தைப்பது. இரண்டு பேர் தைத்தால் நூலின் இழுவை மாறிவிடும். அம்மாவும் சாச்சியும் மட்டும் விதிவிலக்கு. இடது கால் அம்மா, வலது கால் சாச்சி. ஊர்க்கதை பேசிப் பேசியே இரண்டு பேர் இழுவையும் ஒன்றாகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, இந்த ஷூக்கள் ராணுவத்துக்குப் போகின்றன என்று பள்ளிக்கூடத்தில் எவளோ கிளப்பிவிட்டாள். உண்மையில் அவை ஏதோ ஜெர்மனிக் கடைக்குப் போகிறவை. எனக்கு அதெல்லாம் தெரியுமா? மலையேறும்போது பிரிந்துபோகும்படி சாச்சி தைத்திருப்பார் என்று முடிவு கட்டினேன். அதற்குமுன் நானே பிரித்துவிட்டால் நம் வீரர்கள் பிழைப்பார்கள். பென்சில் சீவும் பிளேடால் வலது கால்களாகத் தேடித்தேடி அறுத்தேன். விரலும் அறுபட்டது. நாட்டுக்காக ரத்தம் சிந்திய பெருமையில் அழக்கூட இல்லை.

மறுநாள் காலை, தைத்ததை வாங்க வந்த ஏஜென்ட் எங்கள் வீட்டு மூட்டையைப் பிரித்தார். முகம் சிவந்துவிட்டது.

“பாகிஸ்தான்காரி புத்தியக் காட்டிட்ட பாத்தியா? இனிமே வேல வேணும்னா, எல்லார் எதிர்லயும் உங்க நாடு ஒழிகன்னு மூணு வாட்டி சொல்லு.”

தெருவே கூடிவிட்டது. சாச்சி மெல்ல எழுந்தார். “தையல நான் அறுக்கல. அது எங்கம்மா ஊடு, இது என் ஊடு. ரெண்டையும் ஒழிகன்னு சொல்ல மாட்டேன். வேல வேணா.”

அம்மா எதுவும் யோசிக்கவில்லை. தைத்து வைத்திருந்த இடது கால்களை அப்படியே வாரி ஏஜென்ட் காலடியில் கொட்டினாள்.

“அப்ப இதையும் எட்துக்கினு போய்யா. ஒத்தக் காலுக்கு எவன் ஷூ போடறான்னு பாக்கறேன்.”

எதிர்வீட்டு அக்கா தன் மூட்டையையும் கொண்டுவந்து போட்டாள். அப்புறம் இன்னொருத்தி. ஏஜென்டுக்கு வேர்த்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் திரும்பத் தைத்து வையுங்கள் என்று முனகிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சாச்சி அறுந்த தோல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு துணி சுற்றியிருந்த என் விரலைப் பார்த்தார். நான் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவர் கையை இழுத்துக் கட்டை அவிழ்த்து, மஞ்சள் வைத்து, திரும்பக் கட்டிவிட்டார்.

“பிளேடு வெச்சி வெளையாடாத கண்ணு” என்றார். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிரி சரியான ஏமாளி என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

திங்கட்கிழமை அவர் ஸ்டேஷனுக்குக் கிளம்பியபோது, தனியாகப் போக வேண்டாமென்று அம்மாவும் என்னை இழுத்துக்கொண்டு கூடவே நடந்தாள். பெரிய ரோட்டில் லாரிகள் சீறிக்கொண்டு போயின. சாச்சி என் கட்டுப்போட்ட விரல் நோகாமல் கையைப் பிடித்துக்கொண்டார். நானோ, எதிரி வழியில் ஓடிவிடக் கூடாதென்று அவர் கையை நான்தான் பிடித்திருப்பதாக எண்ணிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி ரோட்டைக் கடந்தேன்.