அப்பா கத்த ஏலாத ஒரு பழைய இங்கிலிஷ் வீடு

இல்லை, சரித்திர ஆசையில எல்லாம் போகேல்லை. மத்தியானம் போட்ட படத்துக்குக் கீழ எல்லாரும் கேக்கிறியள், அதான் சொல்லுறன். அப்பா கத்த ஏலாத இடம் ஒண்டு வேண்டியிருந்தது. நான் கொலிஜை விட்டு ஆறு மாசம், வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. அம்மா நாளைக்குப் பட்டமளிப்பு பார்ட்டிக்கு ஹோல் புக் பண்ணப்போறா. அதுக்கு முதல் சொல்லவேணும். அப்பா வீடுகளுக்கு உள்சுவர் அடிக்கிற ட்ரைவோல் வேலை செய்யிறவர், பழைய சுவர் எண்டால் வருவார்.

காலமை பத்தே காலுக்குப் பிக்கரிங்கில ட்ரெயின். டவுன்டவுன் யூனியன் ஸ்டேசனுக்கு நாப்பது நிமிசம், பிறகு பதினஞ்சு நிமிச நடை. உள்ளுக்குப் போகக் காசு குடுக்கத் தேவையில்லை.

கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில ரெண்டு மாடிச் செங்கல் வீடு, இப்ப மியூசியம். இங்கிலாந்திலயிருந்து வந்த பணக்காரர் ஒருத்தர் அங்கத்த டவுன் வீடு மாதிரியே கட்டினது. கதவு நட்டநடுவில, மேல அரைவட்டக் கண்ணாடி, ரெண்டு பக்கமும் அச்சொட்டா ஒரே ஜன்னல்கள். அப்பா வாசல்லயே சப்பாத்தைக் கழட்டிட்டார். சுத்திக்காட்டுற பொம்பிளை கழட்டத் தேவையில்லை எண்டு சொன்னா. “வீடு தானே” எண்டு சொக்ஸோட உள்ள போனார்.

மேல் அறையில சுவரைத் தட்டிப் பார்த்தார். “வெளியில உதில ஜன்னல் கிடந்தது. உள்ள எங்க?”

“பொய் ஜன்னல் அப்பா. பின்னால சிம்னி ஓடுது. வெளியில பார்க்க ரெண்டு பக்கமும் ஒண்டாயிருக்கவேணும், அதுக்காகச் சும்மா வச்சது.”

“ஊர் பார்க்கவோ? எங்கட ஆக்களை விட மோசம்.” சிரிச்சார்.

நல்ல மூட். டக்கெண்டு சொன்னன், “நான் கொலிஜை விட்டுட்டன்.”

அப்பா வாயைத் திறந்தார். அந்தப் பொம்பிளை திரும்பிப் பார்த்தா. அப்பா வாயை மூடினார்.

“எப்ப?” காத்து மட்டும்தான் வந்தது.

“ஜனவரியில.”

“அப்ப சாப்பாட்டுப் பெட்டியோட எங்கையடா போனனீ?”

“வெயார்ஹவுஸ் வேலைக்கு.”

“வேலைக்கோ?” சுவரை இன்னொருக்காத் தட்டினார். “கொம்மாவுக்கு நான் சொல்லுறன். நீ வாயைத் திறக்காத.”

யூனியனில பீட்சா திண்டனாங்கள். ஆறு மாசத்துக்குப் பிறகு சாப்பாடு ருசிச்சது.

போறவை காலமையே போங்கோ, கூட்டமில்லை. ஒரு மணித்தியாலம் காணும். சப்பாத்தைக் கழட்டாதேங்கோ, கீழ் குசினி செங்கல் தரை, ஐஸ் மாதிரி. சொல்லவேண்டியது ஏதும் இருந்தால் மேல் அறையில சொல்லுங்கோ, கீழ—

சரி, இஞ்ச வீட்டில கீழயிருந்து அம்மா என்ர முழுப்பேரையும் சொல்லிக் கூப்பிடுறா. அப்பா சொல்லிட்டார். நான் போகவேணும்.