பறவைப் படத்தின் இடது பாதி

மருத்துவமனையில் தந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இருக்கிறது. தமிழில் சொன்னால்: ‘பார்வை சரியாக உள்ளது. இடது பக்கத்தைக் கவனிப்பதில்லை.’ சென்ற வருடம் ஆடி மூன்றாம் வெள்ளியன்று அதைக் கையில் பிடித்துக்கொண்டு அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். அம்மன் கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. எதையும் நாள் கிழமையோடு டைரியில் குறித்து வைப்பது என் நெடுநாள் பழக்கம். அந்தத் தாளை நான் எப்போது கோப்பில் போட்டேன் என்பது மட்டும் நினைவில்லை.

மூளையின் வலப்பக்கத்தில் ஒரு சிறு அடைப்பு. கை கால் பிழைத்துக்கொண்டன. ஆனால் தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்வேன். மனைவி தட்டைத் திருப்பி வைப்பாள். எங்கிருந்தோ சோறு வந்து நிற்கும். இது தேறாவிட்டால் தெருவில் தனியாக நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடமிருந்து வரும் பஸ், என்னைப் பொறுத்தவரை இல்லாத பஸ்.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். மதுரைப் பக்கம், முகப்பேரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர். ஒரு மரத்தின் படத்தை மேசையில் வைத்து, அதில் எத்தனை பறவைகள் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வரும் இந்த மாதிரிப் புதிர்களை வாழ்நாளெல்லாம் போட்டவன் நான். இலைக்குள் ஒளிந்திருப்பதையும் தேடிப் பிடித்து, பதினான்கு என்றேன். மறுபடியும் எண்ணச் சொன்னார். பதினான்கு.

“வெரல வச்சு எண்ணுங்க சார்.”

பதினான்கேதான். கோபம்கூட வந்தது.

அவர் படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். மரம் வானத்திலிருந்து தொங்கியது. அதில் நான் பார்த்தேயிராத பறவைகள் உட்கார்ந்திருந்தன. முன்பு எண்ணியவற்றில் ஒன்றைக்கூடக் காணோம். பயப்பட வேண்டிய இடம்தான். எனக்கோ, கனவில் நம் வீட்டுக்குள்ளேயே தெரியாத ஓர் அறை திறந்துகொள்ளுமே, அப்படி இருந்தது.

என்னைப் பார்க்க வந்திருந்த பழைய நண்பர் ஒருவர் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, அந்தப் பெண் நான் பார்த்த வேலைகளைப் பற்றிக் கேட்டார். மண்ணூர்பேட்டைப் பக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் போகும் ஒரே தெருவில்தான் என் பிழைப்பு முழுவதும். பஸ் நிறுத்தத்தில் இறங்கி உள்ளே நடப்பதாகக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: லேத் பட்டறையில் எடுபிடி, பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங், பார்சல் ஆபீஸ், கடைசியில் ஒரு குடோன் வாட்ச்மேன்.

“அவ்ளோதானா?” என்றார் நண்பர்.

“அவ்வளவுதான்.”

“இன்னா மாமே, பிரஸ்ஸ உட்டுட்டே? பதினோரு வருசம் உன் பக்கத்துல மை பூசிக்கினு நின்னேனே, நான் இன்னா ஆவியா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. “அந்தப் பிரஸ் தெருவுல எந்தப் பக்கம்ண்ணே?”

“உள்ள போவசொல்ல லெஃப்ட்ல கீது.”

“சார், இப்ப தெருவோட அந்தக் கடைசிக்குப் போயிருங்க. பஸ் ஸ்டாப்பப் பாத்து இந்தப் பக்கமா நடந்து வாங்க.”

நடந்தேன். வலப்புறம் அச்சகம் எழுந்து வந்தது. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. என் சட்டையிலேயே கை துடைக்கும் நண்பர், கறுகறுவென்று முடியோடு. அப்புறம் பேட்டரி கடை. எக்ஸ்போர்ட் கம்பெனியின் நூல் கிடங்கு; நான் அங்கே சாயம் பார்த்துப் பிரித்து அடுக்கிய நூல்கண்டுகள்.

“லேத் பட்டறை எங்க சார்?”

இப்போது அது என் இடப்பக்கம் வர வேண்டும்; அங்கே எதுவும் இல்லை. வெறும் வெயில்.

“தோ, இப்பத்தான நீயே சொன்ன!” என்றார் நண்பர். பிறகு குரல் இறங்கியது. “சரி உடு மாமே. அந்தாண்ட நான் கீறேன்ல.”

அதன் பிறகு தினமும் அதுதான் பயிற்சி. மேசையின் இடது ஓரத்தில் ஒட்டிய சிவப்பு டேப் கண்ணில் படும்வரை கழுத்தைத் திருப்புவேன். கண்ணை மூடி மனதுக்குள் அந்தத் தெருவில் இரு திசையிலும் நடப்பேன். பறவைகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. தை பிறந்தபோது படத்தைத் திருப்பாமலே இருபத்தொன்பது எண்ணினேன். சரி என்றார் அந்தப் பெண். அடுத்த வாரம் அந்தத் தெருவில் தனியாக நடந்துவிட்டு வந்தேன். மனைவி பஸ் நிறுத்தத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று மட்டும் மிச்சம். மனதுக்குள் திரும்பி நடந்த அந்த முதல் நாளில், அச்சகத்தை அடுத்து ஒரு குடைக் கம்பெனியையும் பார்த்தேன். விரித்த குடைகள் கூரையிலிருந்து தொங்க, கீழே உட்கார்ந்து நான் கம்பி கோத்துக்கொண்டிருந்தேன். “அங்க ஏது மாமே கொடைக் கம்பெனி, டிரான்ஸ்பார்மர்தான் இருந்திச்சு” என்கிறார் நண்பர். என் டைரிகளிலும் அது இல்லை. ஆனால் ஒரு மழைக்காலம் முழுவதற்கும் என்னிடம் டைரியே இல்லை. அப்படி ஒரு கம்பெனி இருந்ததா, நான் அங்கே வேலை பார்த்தேனா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. என் வேலைகளைப் பற்றி எழுதும்போது அதையும் கேள்விக்குறி போட்டுச் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றுமே இல்லை என்று நான் அடித்துச் சொன்ன பக்கத்தில்தானே என் நண்பர் பதினோரு வருடம் நின்றிருந்தார்.