ஏரிக்கரைத் தீர்மானம்

ஊராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பழங்குடிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டதும், ஊராட்சி வேலைகளை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர் அண்ணன் நேராக எங்கள் இருளர் குடிசைகளுக்கு வந்தார். பெருங்களத்தூர் அடுக்குமாடியில் பாத்திரம் தேய்க்கும் என்னை அதுவரை அவர் ஏறிட்டும் பார்த்ததில்லை. "நீ நில்லு, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். நின்றேன், ஜெயித்தேன். கூட்டத்தில் மற்றவர்கள் மேசையைத் தட்டும்போது நானும் தட்ட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை.

எங்கள் ஊராட்சியில் தீர்மானம் படிக்கிற வேகத்துக்கு பஸ் கண்டக்டரே தோற்றுப்போவார். கிளார்க் படிப்பார், எல்லோரும் தட்டுவார்கள், 'ஒருமனதாக' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று கணக்கு.

அன்று கூட்டத்துக்கு முன்பு டீக்கடையில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. ஏரிக்கரையில் நடைபாதை வரப்போகிறதாம், வேலை கான்ட்ராக்டர் அண்ணனுக்காம். அந்தக் கரையில்தான் எங்கள் குடிசைகள் இருக்கின்றன. ஊராட்சித் தலைவரைக் கேட்டேன். "அதெல்லாம் இன்னைக்கு வராதும்மா" என்றார். பச்சைப் பொய்.

படிக்க ஆரம்பித்தார்கள். தெருவிளக்கு, தட்டினார்கள். குடிநீர்க் குழாய், தட்டினார்கள். ஏரி எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏரிக்கரை ஆக்கிரமிப்புகளை அகற்றி, நடைபாதை அமைக்க..."

எல்லோர் கையும் மேசைக்கு வந்துவிட்டது. சுவரோரம் நின்ற கான்ட்ராக்டர் அண்ணன் என்னையே பார்த்தார்.

"நிறுத்துங்க சார். ஆக்கிரமிப்புன்னு எழுதிக்கீறது எங்க வூடு" என்றேன்.

தலைவர் சிரித்தார். "வேற எடம் பாத்துத் தர்றோம்மா, உட்காரு."

"எந்த எடம்னு அதுலயே எழுதுங்க. இல்லாங்காட்டி ஒருமனதான்னு போடாதீங்க. நான் ஒத்துக்கலைன்னு போடுங்க."

கிளார்க் எழுதாமல் தலைவரைப் பார்த்தார். எனக்கு எல்லோர் முன்னாலும் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. பக்கத்து வார்டு அக்கா மெதுவாக மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னொருவரும் எடுத்தார்.

"சரி, அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்றார் தலைவர்.

வாசலில் கான்ட்ராக்டர் அண்ணன் வழிமறித்தார். "அந்த சீட்டு நான் போட்ட பிச்சை. அடுத்த எலெக்ஷன்ல இந்த வார்டு பொதுவுக்குப் போயிடும், அப்ப நீ யாரு?"

"எங்களுக்கு ஒதுக்குனது சர்க்காருண்ணா, நீ இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் பின்னால் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

டீக்கடைப் பேச்சு ஏரிக்கரைக்கும் எட்டி, எங்கள் ஆட்கள் எல்லோரும் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். "இன்னா ஆச்சு?" என்று கேட்டார்கள்.

"அடுத்த கூட்டம் வரைக்கும் வூடு கீது" என்றேன்.