செலின் தோப்பில் கேஸ் வருதாம்

திருமுல்லைவாயிலில் செலினக்காவின் கொய்யாத் தோப்புக்கு அடியில் சமையல் கேஸ் கிடைத்துவிட்டதாம். 1993இல் ஆவடி குவார்ட்டர்ஸ் முழுக்க இதே பேச்சு. கேஸ் கனெக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பேரன் பிறப்பதற்குள் வந்தால் சரி என்று மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பம்பு அடித்துக்கொண்டிருந்த காலம். ஆகவே எல்லாரும் உடனே நம்பினார்கள். நான் விசாரிக்கப் போனேன்.

செலினக்கா தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர். விடியற்காலையில் பறித்து, கூடையோடு ரயிலேறி, குவார்ட்டர்ஸ் வாசலில் விற்பார். பழத்தை அழுத்திப் பார்க்கிறவருக்கு அழுத்திய பழத்தையே கட்டிக் கொடுப்பார். மேல்முறையீடு கிடையாது.

தோப்பில் மரத்துக்கு மரம் தகர டப்பா கவிழ்த்திருந்தது. ஞானகுமாரி என்ற ஆராய்ச்சி மாணவி, மண்ணிலிருந்து கிளம்பும் வாயுவை அளக்க, டப்பாவின் தலையில் ஊசி குத்திக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தார். புரளியின் பிறப்பிடம் புரிந்தது.

"இன்னா சார், நீயும் டியூபோட வந்துகீறியா?" என்றார் செலினக்கா. "காலைலேர்ந்து காலி டின்னு எத்துக்கினு ஆளு வந்துகினே கீது. சிரிச்சிட்டுப் போலாம்னா, ஓனர் காதுக்கும் பூட்ச்சு. தை மாசத்தோட குத்தகை முடியுது. கேஸ் கீதுன்னு நம்பிட்டார்னா என்னைத் தொரத்திட்டுக் கெணறு தோண்டுவாரு."

சொல்லி வாய் மூடவில்லை, ஓனர் உலகநாதன் அம்பத்தூரிலிருந்து வந்து இறங்கினார், கையில் தீப்பெட்டியோடு. டப்பாவை லேசாகத் தூக்கி, குச்சியைக் கிழித்து நீட்டினார். விரல் சுட்டது. அவ்வளவுதான்.

"அப்போ இது எரியாத கேஸா?" குரலில் துக்கம்.

"எரியாது சார்," என்றார் ஞானகுமாரி. "யூரியாவை மொத்தமா கொட்டி, பாத்தி நெறைய தண்ணி விடுறீங்க. மரம் எடுத்தது போக மிச்சம் வீணாகுது. அதுல ஒரு சிட்டிகை இப்படி வாயுவா கெளம்புது. சிட்டிகைதான், ஆனா மேல போய் பூமியோட சூட்டை வெளிய விடாம பிடிச்சு வச்சுக்கும்."

பூமியின் சூடு உலகநாதனை அசைக்கவில்லை. "யூரியா என் செலவாச்சே," என்றார். குத்தகைப் பேச்சுப்படி உரம் அவர் பொறுப்பு.

செலினக்கா அந்த இடத்தில் பிடித்தார். "பாதி குடு அண்ணாத்தே, போதும். அதையும் மூணு தபாவா பிரிச்சு, மண்ணு மூடிப் போடறேன். மீதிக்கு ஒரு வண்டி சாணி எறக்கு. காய் கொறைஞ்சா நானே கூடையைத் தூக்கிகினு பூடறேன்."

உலகநாதன் தலையாட்டினார்.

அடுத்த பருவத்தில் காய் குறையவில்லை. டப்பாவில் வாயு குறைந்ததாக ஞானகுமாரி சொன்னார். உலகநாதன் குத்தகையை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டினார். யூரியா பாதி மிச்சமானதை, தாம் பூமியைக் காப்பாற்றியதாகவே ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார்.

சாணி மட்டும் வரவில்லை. செலினக்கா சருகைப் போட்டே சமாளிக்கிறார். ஆனாலும் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் உலகநாதன் நாலு பெரிய மனிதர்களோடு நின்றால், ரயில் ஜன்னலிலிருந்து ஒரு குரல் தவறாமல் வரும்:

"அண்ணாத்தே, என் சாணி எப்போ?"